தொட்டி வரட்டும், பிறகு சுவர் எழும்பட்டும்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும், வெறும் கொங்கிறீற்றாகக் கிடக்கும் பேஸ்மென்டில் குளியலறை கட்டப் புறப்பட்டிருக்கும் உறவுகளுக்கு,



ஸ்காபரோவின் பழைய பங்களாவாக இருந்தாலும் சரி, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கத்துப் புது வீடாக இருந்தாலும் சரி, வாங்கி ஓரிரண்டு வருடம் போனதும் எங்கள் ஆட்களின் கண் கீழ்த்தளத்தின் மேல் விழுந்துவிடும். ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு அறை வேண்டும். அல்லது வீட்டுக்கடனின் வட்டி ஏறிவிட்டது, கீழே ஒரு குடும்பத்தை இருத்தினால் மூச்சுவிடலாம். 2022இல் ஒன்ராறியோ அரசு கொண்டுவந்த பில் 23, நகரப்பகுதியில் பெரும்பாலான வீட்டுக் காணிகளில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதித்த பிறகு இந்த யோசனை இன்னும் சூடுபிடித்திருக்கிறது. நல்லது, கட்டுங்கள். நான் மரச்சட்டம் அடித்துச் சீவிப்பவன். வேலை கூடினால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பேஸ்மென்டில் படுக்கையறை, வரவேற்பறை எல்லாம் அரை அங்குலம் முன்பின் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. குளியல் தொட்டி வைக்கும் இடம் அப்படியில்லை. அது ஒன்றுதான் சட்டம் அடிப்பவனைக் கணக்குக் கேட்கும். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்த இடத்தைத்தான் கடைசியாக யோசிக்கிறார்கள். சுவரை எழுப்பி, ட்ரைவோலும் அடித்துவிட்டு, ஹோம் டிப்போவில் எந்தத் தொட்டி விலைக்கழிவில் போகிறதென்று பார்க்கப் போகிறார்கள். சட்டையைத் தைத்து முடித்துவிட்டு, அது பொருந்துகிற ஆளைத் தேடுகிற மாதிரியான வேலை இது.

எனவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: முதலில் தொட்டியை வாங்குங்கள். படத்தைப் பார்த்து, அளவை மனதில் வைத்துக்கொள்வது போதாது. பொருளையே வாங்கி, பேஸ்மென்டுக்குள் இறக்கி, பெட்டியைப் பிரித்து, அதனோடு வரும் அளவுத்தாளைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, அதற்குப் பிறகு சட்டம் அடியுங்கள். இறக்குவதிலும் ஒரு காரியம் இருக்கிறது. ஐந்தடித் தொட்டி பேஸ்மென்ட் படியின் திருப்பத்தில் திரும்புமா, கதவு நிலைக்குள்ளால் போகுமா என்பதெல்லாம் சுவர் எழும்பமுன் தெரியவேண்டிய விஷயம். சுவர் இல்லாத பேஸ்மென்டில் தொட்டியை எங்கேயும் இழுத்துப் போகலாம். எல்லாச் சுவரும் எழும்பிய பிறகு, கதவைக் கழற்றி, நிலையையும் கழற்றி, சுவரின் நிமிர்மரமான ஒரு ஸ்டட்டையும் அறுத்துத்தான் கொண்டுபோக வேண்டிவரும்.

தொட்டி வருமுன் அதன் கழிவுக்குழாய் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். புது வீடுகளில் பில்டர் பெரும்பாலும் மூன்று பொருட்களுக்கான குழாய்களைக் கொங்கிறீற்றுக்கு அடியில் விட்டுத்தான் போவார். கொமோட்டுக்கு மூன்று அங்குலக் குழாய், கைகழுவும் பேசினுக்கு ஒன்று, தொட்டிக்கோ ஷவருக்கோ ஒன்று. இந்த மூன்றாவதுதான் ஆளுக்காள் மாறும். சில வீடுகளில் கொங்கிறீற்றில் சதுரமாக ஒரு குழி விட்டு, உள்ளே மணலோ சல்லியோ நிரப்பியிருப்பார்கள். கிளறினால் குழாயின் மூடிய வாய் தெரியும். சில வீடுகளில் ஒரு குழாய் நேராக மேலே வந்து மூடியோடு நிற்கும், அடியில் நீர் தேங்கி நிற்கும் ட்ராப் இருக்கிறதா இல்லையா என்பது தோண்டினால்தான் தெரியும். அந்தக் குழிதான் உங்கள் வரைபடத்தின் முதல் புள்ளி. அங்கே இருந்துதான் சுவர் பிறக்கிறது. உங்களுக்குப் பிடித்த மூலையில் சுவரை எழுப்பிவிட்டு, குழியை அங்கே வரச்சொன்னால் ஜாக்ஹாமர்காரனைக் கூப்பிட வேண்டியதுதான். தளம் மூன்று நான்கு அங்குலத் தடிப்புத்தான், உடைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தத் தூசி மேல்மாடி அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலை வரைக்கும் ஏறும்.

பழைய வீடுகளில் பெரும்பாலும் எதுவும் விட்டிருக்கமாட்டார்கள். அங்கே உடைப்பது தப்பாது, அப்படியானால் நீங்கள் விரும்பிய இடத்திலேயே குழியை வைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கழிவுக்குழாய் அடிக்குக் கால் அங்குலம் சரிந்துகொண்டே பிரதான குழாயைப் போய்ச் சேரவேண்டும். தூரம் கூடக்கூட ஆழமும் கூடும். அதோடு வென்ட் என்று பிளம்பர் சொல்லும் காற்றுக்குழாயும் ஏதோ ஒரு சுவருக்குள்ளால் மேலே ஏறவேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும்போது ட்ராப்பில் நிற்கும் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், பிறகு சாக்கடை மணம் வீட்டுக்குள் வரும். கொங்கிறீற்றை உடைக்கவே விருப்பமில்லை என்பவர்களுக்காக அடிப்பாகம் உயர்த்திய தொட்டிகளும் இருக்கின்றன. தளத்துக்கு மேலாலேயே கழிவைக் கொண்டுபோக அவற்றில் இடம் விட்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தொட்டியின் விளிம்பு அவ்வளவுக்கு உயரும். எழுபது வயது அம்மா கால் தூக்கி ஏறவேண்டிய உயரம் அது.

அம்மாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது, அதை முடித்துவிட்டே போகிறேன். கீழே இருக்கப்போவது வயதானவர்கள் என்றால் தொட்டியே வேண்டாம் என்பது என் கட்சி. தொட்டிக்கான அதே 60க்கு 30 அங்குல இடத்தில் தாழ்ந்த விளிம்புள்ள ஷவர் ஒன்று வடிவாக அமரும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வாடகைக்கு விடப்போகிறீர்களா, தொட்டி வையுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டத் தொட்டியைப் போல வசதி வேறில்லை. எதற்கென்று தெரியாமல், "எல்லா வீட்டிலும் இருக்கிறதே" என்று மட்டும் வைக்காதீர்கள். அப்படி வைத்த தொட்டிகளில் கறிவேப்பிலைச் சாடிகள் மாரிகாலம் கழிப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இனி அளவுக்கு வருவோம்.

மூன்று பக்கம் சுவருக்குள் அமரும் சாதாரணத் தொட்டியின் நீளம் 60 அங்குலம். அகலம் 30 அல்லது 32. இந்த 60 எதிலிருந்து எது வரை? இங்கேதான் சறுக்குவது. தொட்டியின் பின்புறமும் இரு தலைப்புறமும் மெல்லிய விளிம்பு ஒன்று மேலெழும்பி நிற்கும். அந்த விளிம்பு நேராக ஸ்டட் மரத்தின் மேல்தான் போய் அமரவேண்டும், ட்ரைவோலின் மேல் அல்ல. டைல்ஸுக்கான சிமெந்துப் பலகை பிறகு மேலிருந்து வந்து அந்த விளிம்பை மூடி நிற்கும். சுவரில் வடியும் தண்ணீர் விளிம்புக்கு முன்புறமாகவே இறங்கித் தொட்டிக்குள் விழுவதற்கான ஏற்பாடு அது. ஆகவே 60 என்பது மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள அளவு. சில கொம்பனிகள் சரியாக 60 கேட்கும், சில எட்டிலொன்றோ கால் அங்குலமோ கூடக் கேட்கும். அளவுத்தாள் என்ன சொல்கிறதோ அதுதான் வேதம்.

ஏஜாக்ஸில் ஒரு வீடு. வீட்டுக்காரரின் மச்சான் கைகாரன், சுவரெல்லாம் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக எழுப்பியிருந்தார். தொட்டி வந்தபோது இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் இடைவெளி. "அண்ணை, ட்ரைவோலுக்கு ரெண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு அறுபத்தொண்டு அடிச்சனான், தாராளமாப் போகும்" என்றார். போகும் தம்பி, போய் நிற்காது. விளிம்புக்கும் மரத்துக்கும் இடையில் வெறும் காற்று. ஒவ்வொரு ஸ்டட்டின் முகத்திலும் அரை அங்குலப் பட்டி வைத்து ஆணியடித்துத்தான் சரிசெய்ய முடிந்தது. கூட விட்டதால் பட்டியோடு தப்பினார். குறைய விட்டிருந்தால் சுவரைப் பிரிப்பதுதான் வழி.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதே குளியலறையில் கொமோட்டின் கணக்கு நேர்மாறானது. அதன் குழாயின் நடுவிலிருந்து 12 அங்குலம் என்றால் அது பூசி முடித்த சுவர் வரைக்குமான அளவு. ட்ரைவோலுக்கு அரை அங்குலம் கூட்டி, மரம் 12½ அங்குலத்தில் நிற்கவேண்டும். டைல்ஸ் ஏற்றினால் இன்னும் கூட்டவேண்டும். ஒரே சுவரில் ஒரு மூலையில் மரத்தை அளக்கிறோம், மறு மூலையில் முடிந்த சுவரை அளக்கிறோம். தலை சுற்றத்தான் செய்யும். இரண்டு அளவையும் கொங்கிறீற் நிலத்தில் சோக்கட்டியால் கீறி வைத்துக்கொண்டால் சுற்றாது.

கீறும்போது மூலை சதுரமா என்றும் பாருங்கள். அத்திவாரச் சுவர் சதுரமாக இருக்கும் என்று நம்பி அதிலிருந்து அளக்கவேண்டாம். மூன்றடி ஒரு பக்கம், நான்கடி மறுபக்கம், குறுக்கே ஐந்தடி வந்தால் சதுரம். ஊரில் எங்கள் மேசன்மாரும் அத்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது செய்த கணக்குத்தான். சுவர் நின்ற பிறகு 60ஐ மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: தளத்தில், தொட்டியின் விளிம்பு வரும் உயரத்தில், தலைக்கு மேல். கீழே 60ஆகவும் விளிம்பு உயரத்தில் 59¾ஆகவும் இருந்தால் தொட்டி உள்ளே இறங்காது, இறக்க முயன்றால் அக்ரிலிக்கில் கீறல் விழும். அந்த மூன்று சுவருக்கும் நேரான மரங்களாகப் பொறுக்கியெடுங்கள். கடையிலிருந்து ஈரத்தோடு வரும் மரம் காய்ந்து முறுகும். சில நாள் பேஸ்மென்டிலேயே அடுக்கி வைத்துவிட்டு அடித்தால் முறுகுகிறவை தாங்களாகவே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குழாய் வரும் தலைப்புறச் சுவர்தான் கவனமாக யோசிக்கவேண்டியது. தொட்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது வடிகால் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அது இடப்பக்கத் தொட்டி, மற்றது வலப்பக்கம். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பாராமல் ஏற்றிக்கொண்டு வந்தால் வடிகால் ஒரு முனையிலும் உங்கள் குழி மறுமுனையிலும் இருக்கும்.

இந்தச் சுவரில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட் வைப்பார்கள். வழமையான கணக்குத்தான். ஆனால் பின்சுவர் மூலையிலிருந்து 16 அங்குலம் அளந்து மரம் வைத்தால், 32 அங்குலத் தொட்டியின் நட்டநடுக் கோட்டில் அந்த மரம் வந்து நிற்கும். தண்ணீர் திறக்கும் வால்வும், தொட்டிக்குள் விழும் குழாய்வாயும், ஷவர் குழாயும் வரவேண்டிய கோடும் அதுதான். 30 அங்குலத் தொட்டியென்றால் நடுக்கோடு 15இல் வரும், அங்கேயும் அந்த மரம் குறுக்கேதான் நிற்கும். பிளம்பர் வந்து பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார், வாளை எடுத்து மரத்தைப் பாதி குடைந்துவிட்டுப் போவார். அதனால் முதலில் நடுக்கோட்டைக் கீறுங்கள். அதற்கு இருபுறமும் சமதூரத்தில் இரண்டு ஸ்டட்டை வைத்து நடுவைத் திறந்து விடுங்கள். மீதி மரங்கள் அதற்கேற்ப நகரட்டும். தொட்டியின் முன்விளிம்பு முடியும் இடத்திலும் ஒரு மரம் கட்டாயம் வேண்டும். சிமெந்துப் பலகையும் ட்ரைவோலும் சந்திக்கும் மூட்டு அங்கேதான் வரும். மரமில்லாத மூட்டு ஆடும், ஆடினால் டைல்ஸ் வெடிக்கும்.

இரண்டுக்கு நாலு மரம் என்று சொல்கிறோமே தவிர அதன் உண்மை அளவு 1½க்கு 3½ அங்குலம். தலைப்புறச் சுவருக்குள் காற்றுக்குழாயும் சேர்ந்து ஏறுவதானால் இரண்டுக்கு ஆறில் அடிப்பது நல்லது. 5½ அங்குலம் கிடைக்கும். இரண்டு அங்குலம் அறையில் குறைகிறதே என்று கவலைப்பட்டால் மரத்தைக் குடைந்து குடைந்து சல்லடையாக்க வேண்டிவரும்.

கொங்கிறீற்றில் படும் அடிச்சட்டத்துக்கு மருந்தேற்றிய மரம் போடுங்கள், அல்லது சாதாரண மரத்துக்கு அடியில் பொலித்தீனோ நுரைப்பட்டியோ விரியுங்கள். ஈரம் கொங்கிறீற்றுக்குள்ளால் ஏறும். மருந்தேற்றாத மரத்தை அதன்மேல் நேரே கிடத்தக்கூடாது என்பது கட்டடச் சட்டத்தின் விதியும்கூட.

தொட்டியின் பின்சுவர் அத்திவாரத்தை ஒட்டி வருகிறதென்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் அதிகம் பார்த்த பிழை இங்கேதான் நடக்கிறது. மற்றச் சுவர்களுக்குக் குளிர்காப்புப் பஞ்சு அடைப்பதும் ஆவித்தடைப் பொலித்தீன் ஒட்டுவதும் பிறகு ஆறுதலாகச் செய்யலாம். தொட்டிக்குப் பின்னால் அது முடியாது. தொட்டி உள்ளே போய்விட்டால் பிறகு அந்தப் பதினைந்து இருபது அங்குல உயரத்துக்குள் யாருடைய கையும் போகாது. எங்கள் குளிரில் வெறும் கொங்கிறீற்றின் மேல் வீட்டின் சூடான ஈரக்காற்று போய்ப் பட்டால் தண்ணீராக வடியும். வருடாவருடம் அது மரத்தில் ஊறி, பூஞ்சணம் பிடித்து, கடைசியில் மணத்தில்தான் தெரியவரும். ஆகவே தொட்டி போகமுன்னமே அந்தப் பக்கம் தளம்வரைக்கும் பஞ்சும் பொலித்தீனும் முடிந்திருக்கவேண்டும், இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தும் இருக்கவேண்டும். தண்ணீர்க் குழாய்களை அந்த வெளிச்சுவருக்குள் வைக்கவே வேண்டாம். தலைப்புறத்தை வீட்டின் உட்பக்கச் சுவரில் வருமாறு திட்டமிடுங்கள்.

பேஸ்மென்ட் நடுவில் நிற்கும் இரும்புத்தூணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டிக்கு இடைஞ்சல் என்று அதை நகர்த்தலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முழு வீடும் அதன் தலையில்தான் நிற்கிறது. தொட்டியை நகர்த்துங்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு பெரிய ஆறுதல், பாரம் பற்றிய பயமில்லை. தொட்டி நிறைந்தால் தண்ணீரே 150, 200 கிலோ வரும், ஆளும் சேர்ந்தால் இன்னும் கூடும். மேல்மாடியில் அதற்கு உத்தரம் தாங்குமா என்று பார்க்கவேண்டும். இங்கே கொங்கிறீற் தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, மட்டமாக இருப்பது வேறு. பேஸ்மென்ட் தளம் தரைவடிகாலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். தொட்டியை வெறுமனே வைத்துவிட்டால் அதுவும் சரியும், அடியில் எங்கோ ஒரு கால் அந்தரத்தில் நிற்கும்.

அதற்குச் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், எனக்குப் பிடித்த வேலை இது. தொட்டியைச் சுவரில்லாத இடத்தில் வைத்து, விளிம்பின் அடிப்பாகம் தளத்திலிருந்து எவ்வளவு உயரமென்று அளந்துகொள்ளவேண்டும். தளம் எந்த மூலையில் ஆக உயர்ந்திருக்கிறதோ அங்கிருந்து அந்த அளவைப் பின்சுவர் மரத்தில் குறித்து, லெவலைப் பிடித்து நீர்க்குமிழி நடுவில் நிற்கும்வரை பார்த்து, நீளத்துக்கும் ஒரு கோடு இழுக்கவேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு பலகையைக் கிடையாக வைத்து ஒவ்வொரு ஸ்டட்டிலும் திருகாணி ஏற்றினால், தொட்டியின் பின்விளிம்பு அதன்மேல் வந்து குந்தும். அக்ரிலிக் தொட்டியென்றால் அடியில் சாந்தை மேடுமேடாக வைத்து, தொட்டியை அதன்மேல் இறக்கி, விளிம்பு பலகையில் படும்வரை அமர்த்தவேண்டும். சாந்து இறுகிய பிறகு உள்ளே ஏறி நின்றால் தளத்தில் நிற்பதுபோல இருக்கும், கிறீச்சிடாது. சில கொம்பனிகள் சாந்து கட்டாயம் என்கின்றன, சில வேண்டவே வேண்டாம் என்கின்றன. மறுபடியும் அந்தத் தாளைத்தான் பார்க்கவேண்டும். விளிம்பைத் துளைத்து ஆணியடிக்கலாமா, கிளிப் போடவேண்டுமா என்பதும் அதில்தான் இருக்கும்.

சட்டம் திறந்திருக்கும்போதே குறுக்குப் பலகைகளைப் போட்டுவிடுங்கள். ஷவர் குழாயைப் பிடிக்க ஒன்று, வால்வுக்கு ஒன்று, பிடிகம்பிக்கு 33 முதல் 36 அங்குல உயரத்தில் அகலமான பலகை. இன்று பிடிகம்பி வேண்டாமென்றாலும் பலகையைப் போடுங்கள். ஒரு துண்டு மரத்தின் காசுதான். அது எங்கே இருக்கிறதென்று கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், ட்ரைவோல் மூடிய பிறகு உங்களுக்கே மறந்துவிடும். சுடுநீர் வால்வு, திடீரென்று கொதிநீர் பாயாமல் அழுத்தத்தைச் சமன்செய்யும் வகையாக இருக்கவேண்டும். ஷவரில் 49 பாகை செல்சியஸுக்கு மேல் வரக்கூடாதென்பது ஒன்ராறியோ விதி. ஷவரோடு சேர்ந்த தொட்டியென்றால் விளிம்புக்கு மேல் 1.2 மீற்றர் வரைக்கும் தண்ணீர் ஊறாத சுவர்ப்பூச்சு வேண்டும். பச்சைநிற ட்ரைவோலை அடித்துவிட்டு அதன்மேல் டைல்ஸ் ஒட்டும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இன்னமும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிமெந்துப் பலகையின் விலை வித்தியாசம் ஒரு குடும்பத்தின் ஒருநாள் கொத்துரொட்டிச் செலவு.

கொங்கிறீற்றைத் திறப்பதானால், அதே நேரத்தில் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வையும் பிரதான குழாயில் வைத்துவிடுங்கள். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமானநிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16இல் கிட்டத்தட்ட 98. அப்படியான நாளில் தெருக்குழாய் நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் வழி தேடும். வீட்டிலேயே மிகத் தாழ்ந்த வாய் உங்கள் பேஸ்மென்டின் தரைவடிகாலும் புதுத் தொட்டியும்தான். இந்த வால்வுக்கு மானியம் தரும் நகராட்சிகள் உண்டு, வேலையைத் தொடங்குமுன் விசாரியுங்கள். வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். அடைமழை நேரத்தில் மேலே ஆறுதலாகக் குளித்தால் அந்தத் தண்ணீர் கீழே வரும்.

பெர்மிட் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய். ரொறன்ரோவில் வெறுமனே பேஸ்மென்டைப் பூசி முடிப்பதற்குப் பெர்மிட் தேவைப்படாத சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. அதைக் கேள்விப்பட்ட ஆட்கள், "எங்களுக்குத் தேவையில்லையாம்" என்று சொல்லித் திரிகிறார்கள். புதிதாகக் குழாய் போட்டால் தேவை. தனிக் குடியிருப்பாக்கினாலும் தேவை. மற்ற நகராட்சிகள் பலவற்றில் இதைவிடக் கண்டிப்பு. மின்வேலைக்கு மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையில் தனியாகப் பதியவேண்டும். காசு கொடுத்து ஆள் பிடித்துச் செய்விப்பதானால் அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்கவேண்டும். "இன்ஸ்பெக்டர் வந்தால் கரைச்சல்" என்கிறீர்கள். நிலத்தடிக் குழாயைக் கொங்கிறீற் மூடமுன் ஒருதரம், சுவருக்குள் உள்ள குழாயை ஒருதரம், சட்டத்தை ஒருதரம், பஞ்சை ஒருதரம் என்று, உங்களுக்காக இன்னொரு கண் வந்து பார்க்கிறது. கொன்ராக்டர் அவசரப்பட்டு மூடிவிடாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த வருகைதான். "பெர்மிட் எல்லாம் எதுக்கு அண்ணை, நான் கெதியா முடிச்சுத் தாறன்" என்று சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தாலும்தான். தண்ணீர் புகுந்த பிறகு காப்புறுதிக்காரரிடமும், விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞரிடமும் பதில் சொல்லப்போவது நீங்கள், அவரல்ல.

இன்னொன்று. மேல்மாடித் தொட்டி ஒழுகினால் கீழ்வீட்டுக் கூரையில் கறை விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். பேஸ்மென்ட் தொட்டிக்குக் கீழே காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை. மூட்டு ஒன்று கசிந்தால் அந்தச் சல்லிக்குழிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் வருடக்கணக்காக அறியமாட்டீர்கள். அதனால் தலைப்புறச் சுவரின் மறுபக்கத்தில், அலுமாரிக்குள்ளோ ஃபேர்னஸ் அறைக்குள்ளோ, திறந்து பார்க்கக்கூடிய சின்னக் கதவு ஒன்று கட்டாயம் விடச் சொல்லுங்கள். சட்டம் அடிக்கும்போதே இரண்டு ஸ்டட்டுக்கு இடையில் மேலும் கீழும் ஒரு குறுக்குமரம் வைத்தால் போதும், அவ்வளவுதான் வேலை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தொட்டியை மேல்வழிவுத் துளைவரைக்கும் நிரப்பிவிட்டு, ஒரே மூச்சில் திறந்துவிட்டு, அந்தக் கதவுக்குள்ளால் டோர்ச் அடித்துப் பாருங்கள். மூட்டுகளில் கடதாசித் துண்டைச் சுற்றி வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். டைல்ஸ் முடிந்து விளிம்பில் சிலிக்கன் பூசும் நாளிலும் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டே பூசுங்கள். தண்ணீரின் பாரத்தில் தொட்டி இறங்கி நிற்கும்போது பூசினால்தான், பிறகு ஆள் ஏறும்போது அந்தப் பூச்சு பிரியாது.

டைல்ஸின் நிறம், குழாய் கறுப்பா வெள்ளியா, கண்ணாடிக் கதவா திரைச்சீலையா என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. அதற்குள் வந்து தலையைக் கொடுக்க நான் தயாரில்லை. சட்டம் அடிக்கக் கூப்பிடும்போது மட்டும், தொட்டி எங்கே என்று முதலில் கேட்பேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தச்சுத் தொழிலாளி